பாம்போடு ஆஸ்பத்திரிக்குப் போன ரீச்சர்

எனக்குப் பாம்புக்கடியைப் பற்றி எல்லாம் தெரியும். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒன்றும் தெரியாத ஒருத்திக்கு இப்படி மானம் போயிருந்தால் ஊர் ஒரு கிழமையில் மறந்திருக்கும். தெரிந்தவளுக்குத்தான் மன்னிப்பே இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். அம்மா இன்றைக்கும் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலைத்தான் நீட்டுவார். நான் இடம்பெயர்ந்த கொட்டில்களிலும் மரங்களுக்குக் கீழேயும் படித்து, பல்கலைக்கழகம் போய், விஞ்ஞானப் பட்டதாரியாகி, முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாக வந்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. (கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். என் கணவரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.) கறியில் உப்புக் கூடினால்கூட, கரைசலின் செறிவு கூடிவிட்டது என்று சொல்லுகிற பருவம் அது.

பிள்ளை வளர்ப்பையும் ஒரு பாடமாகத்தான் எடுத்திருந்தேன். சுவரில் தடுப்பூசி அட்டவணை. அதற்குப் பக்கத்தில் நித்திரை நேர அட்டவணை. அதற்கும் பக்கத்தில் எந்த நாளில் எந்த இலை சாப்பிடவேண்டும் என்று ஓர் அட்டவணை. மூன்றையும் என் மகன் எட்டின உயரத்துக்குக் கிழித்துவிட்டிருந்தான். எட்டாத உயரத்தில் அட்டவணைகள் நல்ல நிலையில் இருந்தன.

சம்பவத்துக்கு மூன்று கிழமைக்கு முன்னர் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அறுவடைக் காலம் தொடங்கியிருந்தது. வயலிலும் வளவிலும் பாம்பு நடமாட்டம் கூடின நேரம். 'பாம்பு கடித்தால் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்' என்று தலைப்புப் போட்டு, பெரிய தாளொன்றில் மூன்று நிறப் பேனாவால் எழுதிக்கொண்டு போனேன். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது. பாம்பைத் தேடி மினக்கெடக் கூடாது. அதை அடித்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகவே கூடாது. பதறாமல், கடிபட்ட காலை அசைக்காமல், நேரத்தைக் குறித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கடிபட்டவரோடு பாம்பும் ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். உரப்பையில் போகும், சோடாப் போத்தலில் போகும், ஒருமுறை சாப்பாட்டுப் பெட்டியிலும் போயிருக்கிறது. ஆகவே நான் அந்த வரிக்கு வந்ததும் கூட்டம் சலசலத்தது. எங்கள் பக்கத்து வீட்டுச் சரசக்கா எழுந்தார்.

"அப்ப பிள்ளை, பாம்பைக் காட்டாட்டி டொக்டருக்கு என்னெண்டு தெரியும், என்ன பாம்பு கடிச்சதெண்டு?"

"அறிகுறியைப் பாத்து, ரத்தத்தைச் சோதிச்சுக் கண்டுபிடிப்பினம் அக்கா."

"பாம்பே கையில கிடக்கேக்க ரத்தத்தை எடுத்து ஏன் மினக்கெடுவான்?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்கிற மாதிரி உதட்டை ஒரு பக்கம் இழுத்து, "பதறாமல் இருக்கிறதுதான் அக்கா முதல் மருந்து" என்று முடித்தேன். அதற்குக் கைதட்டு விழுந்தது. அந்தக் கைதட்டைக் கேட்டுக்கொண்டே இரண்டு நாள் சமைத்தேன்.

மகள் ஆரணிக்கு அப்போது நாலரை வயது. மகன் கவினுக்கு ஒன்றரை. ஒன்றரை வயது ஆண்பிள்ளை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நிமிடம் திரும்பினால் கோழியின் வாலைப் பிடித்திருப்பான். அடுத்த நிமிடம் வாய் நிறைய மண். திட்டுவதற்கு வாயெடுத்தால் அந்த மண் வாயோடேயே வந்து கன்னத்தில் முத்தம் தருவான். எடுத்த வாயை மூடிக்கொண்டு முகம் கழுவப் போகவேண்டியதுதான். ஆரணி நேர்மாறு. எதையும் கவனித்துப் பார்த்து, திருப்பிச் செய்துபார்க்கிற பிள்ளை. சம்பவத்துக்கு முந்தின வியாழக்கிழமை கிளினிக்கில் கவினுக்கு ஒன்றரை வயது ஊசி போட்டபோது, அவன் கத்தின கத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆரணி திருப்பவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஊசி போட்ட தாதி மிஸ்ஸின் கையை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு கரடிப் பொம்மைக்கு ஊசி, தலையணைக்கு ஊசி, பப்பா மரத்துக்கும் ஊசி. விஞ்ஞானியின் மகள் என்று எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. இவர் (என் கணவர்தான்) குளத்துக்கு அப்பால் உள்ள வயலில் அறுவடை மெசினோடு நின்றார். அங்கே போன் எடுபடாது. நான் விறாந்தையில் கதிரையைப் போட்டு, தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தித் திருத்தி ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இருவரும் மாமரத்துக்குக் கீழே, விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் விளையாடினார்கள். நான் இருந்த இடத்திலிருந்து பன்னிரண்டு அடி.

"அம்மா, இஞ்ச பாருங்கோவன்" என்று ஆரணி கூப்பிட்டாள்.

"பாக்கிறன், பாக்கிறன்" என்றேன், விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு. (ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் இதயத்துக்கு ஐந்து அறை வரைந்திருந்தான். எனக்கு அந்த நேரம் அதுதான் பெரிய ஆபத்து.)

பிறகு கவின் அழுதான். பசி அழுகை, விழுந்த அழுகை, அக்கா பறித்த அழுகை எல்லாம் எனக்குச் சத்தத்திலேயே தெரியும். இது எந்தக் கணக்கிலும் வராத அழுகை. விடைத்தாள்கள் எங்கே விழுந்தன என்று தெரியாது, ஓடினேன்.

அவன் விறகுக் குவியலோடு ஒட்டி இருந்துகொண்டு வலது காலைத் தூக்கிக் காட்டினான். குதிக்கு மேலே, வெளிப்பக்கமாக இரண்டு புள்ளிகள். பக்கத்துப் பக்கத்தில், ஒரு விரல் அகலத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு துளி இரத்தம்.

அந்த இரண்டு புள்ளிகளை நான் மாதர் சங்கத்துத் தாளில் சிவப்புப் பேனாவால் வரைந்திருந்தேன். அதே மாதிரி இருந்தது. என் காதுக்குள் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

"பாம்பே? பாம்பே கடிச்சது?" ஆரணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியொரு முகத்தை அதற்கு முன்னர் அவள் பார்த்திருக்கமாட்டாள். மெல்லத் தலையாட்டினாள்.

(அந்தச் சத்தத்தில் 'யானையே கடிச்சது?' என்று கேட்டிருந்தாலும் தலையாட்டித்தான் இருப்பாள். கேள்விக்குள்ளேயே விடையை வைக்கக் கூடாது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித்தருவார்கள். எனக்கும் சொல்லித்தந்தார்கள்.)

அடுத்த அரை நிமிடத்தில் என் துப்பட்டா கவினின் முழங்காலுக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. நான் கட்டினேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. துப்பட்டா கட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கத்தத் தொடங்கினேன்.

சரசக்கா வேலியைச் சுற்றி வரவில்லை. வேலிக்குள்ளாலேயே வந்தார். கையில் பொல்லு.

"எங்க பிள்ளை? எங்க அது?"

"விறகுக்குள்ள, அக்கா!"

நான் எதையும் காணவில்லை. ஆனாலும் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் எந்த விறகுக் குவியலைக் கிளறினாலும் ஏதோ ஒன்று உள்ளே சுருண்டு படுத்திருக்கும். சரசக்கா நாலு விறகைப் புரட்டினார். ஐந்தாவதுக்குக் கீழே, மண்ணிறத்தில் பெரிய பெரிய புள்ளியோடு, ஒரு முழ நீளத்தில் ஒன்று கிடந்தது.

"ஐயோ அம்மாளே, புடையன்!" என்று பொல்லால் போட்டார். அது ஒருமுறை நெளிந்து அசையாமல் கிடந்தது.

புடையன், கண்ணாடி விரியன். கடித்தால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் போகும், சின்னப்பிள்ளை என்றால் நேரம் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். இதுதான் என் படிப்பால் அன்றைக்குக் கிடைத்த பயன்: மற்றத் தாய்மாருக்குப் பயம் மட்டும் வந்திருக்கும், எனக்குப் பயம் விளக்கத்தோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ரபீக் நானாவின் ஓட்டோ. நானா ஊர் ஊராகப் பிளாஸ்டிக் சாமான் விற்பவர். ஓட்டோவின் கூரையில் ஒரு ஒலிபெருக்கி. அதில் அவருடைய குரலையே பதிந்து வைத்திருப்பார். "வாளி, பேசின், கூடை, குப்பைத்தொட்டி! வாங்கோ அம்மா வாங்கோ, பாத்து எடுங்கோ!"

என் கத்தலைக் கேட்டதும் நானா படலையடியில் நிறுத்தி, பின்சீற்றில் அடுக்கியிருந்த பேசின்களை அள்ளி எங்கள் வளவுக்குள் எறிந்தார். "ஏறுங்கோ தங்கச்சி, கெதியா ஏறுங்கோ!"

கவினைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஆரணியும் ஏறினாள். சரசக்கா மட்டும் பொல்லின் நுனியில் பாம்பைத் தொங்கப் போட்டபடி படலையடியில் நின்றார். அவர் கேட்டது நக்கலுக்கு இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

"பிள்ளை, இதைக் கொண்டாறதோ, விடுறதோ? நீதானே கொண்டு போகக் கூடாதெண்டு படிப்பிச்சனி."

"கொண்டு வாங்கோ அக்கா!" என்று வீரிட்டேன். "காட்டாட்டி டொக்டருக்கு என்னெண்டு தெரியும்!"

நானா ஒரு புதுச் சிவப்பு வாளியை மூடியோடு நீட்டினார். பாம்பு உள்ளே போனது. மூடி இறுகவில்லை என்று சரசக்கா வாளிக்கு மேலேயே ஏறி இருந்துகொண்டார். ஓட்டோ பறந்தது.

ஒலிபெருக்கியும் பறந்தது. அதை நிறுத்துகிற சுவிச் போன கிழமையே உடைந்துவிட்டதாம். நிறுத்துவதென்றால் பற்றரிக் கம்பியைக் கழற்ற வேண்டும். கம்பி சரசக்காவின் வாளிக்குக் கீழே.

"வாளி, பேசின், கூடை, குப்பைத்தொட்டி!"

ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீற்றர். வழி நெடுகப் பெண்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் ஒரு அக்கா நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். நானா பிரேக் பிடித்தார்.

"நானா, போன முறை சொன்ன பெரிய பேசின் கொண்டந்தனீங்களோ?"

"விலத்தும்மா! பிள்ளைக்குப் பாம்பு கடிச்சிட்டுது!"

"ஐயோ!" என்று அவர் பாய்ந்து விலகினார். மேலே நானாவின் குரல், "வாங்கோ அம்மா வாங்கோ, பாத்து எடுங்கோ!" என்று அவரை அன்போடு திரும்பக் கூப்பிட்டது.

இன்றைக்கு இதையெல்லாம் எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த ஓட்டோவுக்குள் நான் சிரிப்பு என்ற ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். கவினின் கால் நீலம் பாரிக்கத் தொடங்கியது. முதலில் விரல்கள், பிறகு பாதம். தொட்டால் குளிர்ந்தது.

"விசம் ஏறுது அக்கா! கால் நீலமாகுது!"

சரசக்கா எட்டிப் பார்த்தார். "கட்டினது நல்லதாப் போச்சுது பிள்ளை. இன்னும் கொஞ்சம் இறுக்கு."

இறுக்கினேன். (ஓம், இறுக்கினேன்.)

அதைவிடப் பெரிய பயம் அடுத்ததாக வந்தது. கவினின் கண் சொருகியது. கண்மடல் தாழ்வது நஞ்சின் அறிகுறி. தாளில் பச்சைப் பேனாவால் எழுதி, கீழே கோடும் இழுத்திருந்தேன். அவன் தலை என் மார்பில் சரிந்தது. நான் அவன் கன்னத்தைத் தட்டினேன், முகத்தில் ஊதினேன், "நித்திரை கொள்ளாதையடா, அம்மாவைப் பாரடா" என்று அழுதேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து என்னைச் சலிப்போடு பார்த்துவிட்டு மறுபடி மூடினான். பதினொரு மணி அவன் வழக்கமாக நித்திரை கொள்கிற நேரம் என்பதும், ஓட்டோ ஆடினால் எந்தப் பிள்ளையும் தூங்கும் என்பதும் எனக்கு நினைவே வரவில்லை. அந்த அட்டவணையை நான்தான் சுவரில் ஒட்டினேன்.

"அம்மா" என்றாள் ஆரணி.

"பேசாம இரு."

"அம்மா, தம்பிக்கு வந்து..."

"பேசாம இரெண்டெல்லே சொன்னனான்!"

"அம்மாவைக் குழப்பாதை குஞ்சு" என்று சரசக்கா அவளை அணைத்துக்கொண்டார்.

நான் வற்றாப்பளை அம்மாளுக்குப் பொங்கல் நேர்ந்தேன். போதாது என்று பட்டது. இனிமேல் ஒருவருக்கும் புத்தி சொல்லமாட்டேன் என்று நேர்ந்தேன். அதுவும் போதாது என்று, என் பட்டத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையை விடு என்றேன். முன்னால் நானாவின் உதடுகளும் எதையோ ஓதிக்கொண்டிருந்தன. இதே ரோட்டால், இடம்பெயர்ந்த நாளில், நான் சின்னவளாக இருந்தபோது அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். பெருவிரல் மட்டும் நீட்டத் தெரிந்த அந்தப் பெண் என்னைக் கீழே விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். இவ்வளவு படித்த எனக்கு ஒன்பது கிலோமீற்றர் முடியுமா என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ நின்றது. ஒலிபெருக்கி நிற்கவில்லை. வெளிநோயாளர் வரிசையில் நின்ற முழுப்பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கவினோடு உள்ளே ஓடினேன். பின்னால் சரசக்கா வாளியோடு. அவருக்குப் பின்னால் ஆரணி.

டொக்டர் என்னைவிட வயது குறைந்த பெண். கவினை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். "எத்தினை மணிக்குக் கடிச்சது?"

நேரத்தைக் குறிக்கவேண்டும் என்று எழுதிய கை என்னுடையது. "பத்தரை... இல்லை, பதினொண்டு இருக்கும்... இப்ப எத்தினை மணி?"

"பாம்பைக் கண்டனீங்களோ?"

நான் வாய் திறப்பதற்கு முன்னர் சரசக்கா முன்னுக்கு வந்தார். "கண்டதென்ன டொக்டர், கொண்டு வந்திருக்கிறம்." சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார்.

ஒன்பது கிலோமீற்றர் குலுக்கலில் அதற்கு உயிர் திரும்பியிருந்தது. தலை ஒன்று வாளியின் விளிம்புக்கு மேலே மெல்ல எழும்பி, ஆஸ்பத்திரியை ஒருமுறை சுற்றிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல என்னால் ஏலாது. வாளி உருண்டது. வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வாங்குகளுக்கு மேலேயே ஏறி நின்றார்கள். ஊன்றுகோலோடு மெல்ல மெல்ல வந்திருந்த ஒரு ஐயா ஊன்றுகோலைப் போட்டுவிட்டு யன்னலில் ஏறினார். சரசக்கா என்னைக் கட்டிப்பிடித்தார், நான் டொக்டரைக் கட்டிப்பிடித்தேன். டொக்டர் கவினை விடாமல் பிடித்திருந்தார். அதற்கு மட்டும் என் ஆயுள் முழுக்க நன்றி.

வெள்ளைச் சேட்டுப் போட்ட வயதான ஊழியர் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆற அமர நடந்து வந்தார். குனிந்து, கழுத்தில் பிடித்துத் தூக்கினார்.

"இதையோ புடையன் எண்டு கொண்டந்தனீங்கள்? இது வெங்கிணாந்திக் குட்டி" என்றார். அதாவது மலைப்பாம்புக் குட்டி. "இதுக்கு விசமே இல்லை. பாவம், இதுக்குத்தான் மண்டையில காயம்."

அப்பாடா என்று நான் விட்ட மூச்சை டொக்டர் பாதியில் நிறுத்தினார்.

"இது கடிச்சதை நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப கடிச்சது வேற பாம்பாயும் இருக்கலாம். மருந்து குடுக்கிறதெண்டால் அதுவும் சின்னப்பிள்ளைக்குக் கவனமாக் குடுக்க வேண்டிய மருந்து. முதல்ல ரத்தத்தைப் பாப்பம்." பிறகு காலைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. "காலை ஆர் இப்பிடிக் கட்டினது?"

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "பக்கத்தில நிண்ட ஆக்கள் கட்டிப்போட்டினம்" என்றேன்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்?" சரசக்காவின் குரல் யன்னல் ஐயா வரைக்கும் கேட்டது. "டொக்டர், இவாதான் கட்டினவா. இவா விஞ்ஞான ரீச்சர். கட்டக் கூடாதெண்டு போன மாசம் எங்களுக்குக் கூட்டம் வைச்சுப் படிப்பிச்சவாவும் இவாதான்."

டொக்டர் துப்பட்டாவை மெல்ல மெல்லத் தளர்த்தினார். என் உதட்டை நான் ஒரு பக்கம் இழுப்பேனே, அதேபோல அவரும் இழுத்தார்.

கவினின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிமிர்த்தி வைத்தார்கள். இருபது நிமிடம் அசைக்கக் கூடாது. பிறகு சரித்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீர் மாதிரி ஓடினால், புடையன்.

அந்த இருபது நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சில நேரங்களில் தோன்றும். கவின் ஊசி குத்தியதில் விழித்து அழுது, மறுபடி என் மடியில் நித்திரையாகிவிட்டான். அவன் மூச்சை எண்ணினேன். கண்ணாடிக் குழாயைப் பார்த்தேன். அதற்குள் இருந்தது என் பிள்ளை. அதைச் சரித்துப் பார்க்கச் சொல்லி வாய் உன்னியது. பார்க்காமல் விட்டால் இப்படியே இருந்துவிடலாமே என்றும் இருந்தது. காலையில் அவன் தந்த மண் முத்தத்தைத் துடைத்தேனே என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆரணி என் கதிரையோடு ஒட்டி நின்றாள். அவளுடைய வலது கை இறுக்கிப் பொத்தியிருந்தது.

டொக்டர் அவளுக்கு முன்னால் குந்தி இருந்தார். என்னைப்போல உலுக்கவில்லை. "உங்கட பேர் என்ன?"

"ஆரணி."

"தம்பிக்குக் காலில என்ன நடந்தது ஆரணி?"

"ஊசி போட்டனான்."

நான் கவினின் காலைத் திருப்பிப் பார்த்தேன்.

"ஆர் போட்டது?"

"நான்தான். ஒன்றரை வயசு ஊசி." பொத்திய கையை விரித்தாள். உள்ளங்கையில், வியர்வையில் நனைந்து, ஒரு ஸ்டேப்ளர் பின். விடைத்தாளுக்கு நான் அடிக்கிற அதே பின், வளையாத இரண்டு காலோடு. "முதல் நல்லாப் பிடிச்சனான். பிறகு குத்தினனான். அழாட்டிப் பிஸ்கற் தாறன் எண்டும் சொன்னனான். அவன் அழுதிட்டான்."

"அப்ப பாம்பு கடிச்சதெண்டு ஏன் குஞ்சு சொன்னனீ?" என்றார் சரசக்கா.

"நான் சொல்லேல்லை. அம்மாதான் சொன்னவா."

டொக்டர் பின்னை வாங்கிக் கவினின் காலில் இருந்த புள்ளிகளுக்கு நேரே பிடித்தார். இரண்டு கால், இரண்டு புள்ளி. அச்சொட்டாகப் பொருந்தியது. வயதான ஊழியர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"இருந்தாலும் இருபது நிமிசம் முடியட்டும்" என்றார் டொக்டர். முடிந்தது. குழாயைச் சரித்தார். இரத்தம் அசையவில்லை. வடிவாக, கட்டியாக, நாவற்பழ நிறத்தில் உறைந்து நின்றது. என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒரு பரிசோதனை முடிவை நான் கண்டதில்லை. பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்க, விம்மி விம்மி அழுதேன். எனக்குப் பக்கத்தில் சரசக்காவும் அழுதார். வாளியோடு வாசலில் நின்ற நானாவும் கண்ணைத் துடைத்தார். தான் செய்த பிழை என்னவென்று விளங்காமல் ஆரணி எல்லோரையும்விடப் பெரிதாக அழுதாள். அவளை இழுத்து மடியின் மற்றப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். குத்தினது அவள்தான். ஆனால் பின்னை அவள் எட்டுகிற இடத்தில் வைத்தது ஆர்? 'பாக்கிறன், பாக்கிறன்' என்று சொல்லிப் பார்க்காமல் இருந்தது ஆர்?

இவர் வயல் சேறு முழங்கால் வரை அப்பியிருக்க மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்தபோது, கவின் டொக்டரின் மேசையில் இருந்து பிஸ்கற் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயலுக்கு ஓடிப்போய் யாரோ அவரிடம் சொன்ன செய்தி இதுதான்: உன்ர மனிசியும் பிள்ளைகளும் பேசின் ஓட்டோவில பாம்போட போகினம்.

"பாம்பு எங்க?" என்றார் மூச்சு வாங்க.

"காட்டுக்க விட அனுப்பியாச்சு" என்றார் ஊழியர். "பிள்ளைக்கு ஒண்டுமில்லை. உங்கட மனிசிக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்கோ."

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் தலைவலி என்று போகவில்லை. எனக்குப் பதிலாகச் சரசக்கா பேசினாராம். கட்டக் கூடாது, பாம்பைக் கொண்டு போகக் கூடாது, நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று நான் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாராம், ஒவ்வொன்றுக்கும் என்னையே உதாரணம் காட்டி. கேட்டவர்கள் ஒருவரும் இனி அதை மறக்கமாட்டார்கள். என் மூன்று நிறப் பேனாவால் அது ஏலவில்லை.

அன்றிலிருந்து எனக்கொரு பழக்கம் தொற்றிக்கொண்டது. பின்னேரம் விளையாடி முடித்துக் கால் கழுவினதும், பிள்ளைகள் இருவரும் குசினிப் படியில் இருந்து நாலு காலையும் தூக்கிக் காட்ட வேண்டும். நான் ஒவ்வொரு பாதமாகப் பிடித்து, விரல் இடுக்கு, குதி, கணுக்கால் எல்லாம் பார்ப்பேன். தூசிப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். துடைத்துப் பார்த்து, போன பிறகுதான் மூச்சு வரும். இவர் என்னைச் சோதனைச் சாவடி என்பார். முதலாம் வகுப்புக்குப் போகிற ஆரணி, "நான் அப்ப சின்னப்பிள்ளை அம்மா, இனிக் குத்தமாட்டன்" என்று தினமும் சத்தியம் செய்வாள். கவினுக்கு அது ஒரு விளையாட்டு. காலைத் தூக்கும்போதே அறிக்கையையும் தந்துவிடுவான்: "பாம்பும் கடிக்கேல்லை, அக்காவும் குத்தேல்லை!"

இந்த வருடம் அவன் முன்பள்ளிக்குப் போகிறான். போன கிழமை அவனுடைய முன்பள்ளி ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். குரலில் தயக்கம்.

"ரீச்சர், ஒண்டு கேக்கவேணும். விளையாடி வந்த உடன உங்கட மகன் நிலத்தில இருந்து ரெண்டு காலையும் தூக்குவார். அவரைப் பாத்து மற்றப் பிள்ளைகளும் தூக்கத் தொடங்கிட்டினம். நான் ஏதோ அப்பியாசம் எண்டு விட்டிட்டன். இண்டைக்குக் கல்விக் கந்தோரில இருந்து ஒரு ஐயா பாக்க வந்தவர். பதினெட்டுப் பிள்ளையளும் வரிசையா இருந்து அவருக்குக் காலைத் தூக்கிக் காட்டிச்சினம்."

எனக்கு முகம் சூடேறியது. "அவர் என்ன சொன்னவர்?"

"இது என்ன பழக்கம் பிள்ளையள் எண்டு கேட்டவர். எல்லாருமாச் சேந்து பதில் சொன்னவை."

என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பாம்பும் கடிக்கேல்லை, அக்காவும் குத்தேல்லை எண்டு. அதில பதினொரு பேருக்கு அக்காவே இல்லை ரீச்சர்."